வாசலில் நிற்கும் நாச்சிமுத்து

நாச்சிமுத்து தன் மனைவியின் கம்ப்யூட்டருக்குள் இறங்கியவர் இன்னும் வெளியே வரவில்லை.

இறங்கிய அன்று காலை இட்லி தின்றுவிட்டுக் கையைக் கழுவினார். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். செருப்பை ஜோடியாக விட்டார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வீட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு, முதலில் இடது காலை உள்ளே விட்டார். "சோத்த மூடி வெய்யி, மத்தியானத்துக்குள்ள வந்தர்றேன்" என்றார். வடிவு அன்று மத்தியானம் சோற்றை மூடி வைத்தாள். அதற்கப்புறம் வந்த மத்தியானங்களிலும் மூடித்தான் வைக்கிறாள்.

அவர் தொழில் கிணற்று மோட்டார் பழுது பார்ப்பது. காங்கயத்தைச் சுற்றியிருக்கிற தோட்டங்களில் அவர் இறங்காத கிணறு கிடையாது. மற்ற மெக்கானிக்குகள் கயிறு கட்டி மோட்டாரை மேலே தூக்கிப் பார்ப்பார்கள். இவர் போய்விடுவார். கோளாறு என்று யாராவது வாயெடுத்தால் போதும், கால் தானாகச் செருப்பைக் கழற்றும். வடிவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, அவர்கள் வீட்டு மோட்டார் இரைவதைக் கேட்டுவிட்டு, கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டுக் கிணற்றில் இறங்கிவிட்டார். கூட வந்த பெரியவர்கள் மேலே உட்கார்ந்து காப்பியை ஆற்றிக் குடித்தார்கள். நனைந்த வேட்டியோடு ஏறி வந்தவரைப் பார்த்து வடிவு சரி என்றாள்.

வடிவின் வேலை கெர்னலில். கம்ப்யூட்டரின் அடிமடியில் உட்கார்ந்துகொண்டு எது எப்போது ஓடலாம், எது எதைத் தொடலாம் என்று தீர்மானிக்கிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைக் குடிவைக்கிற பகுதியை அவள் எழுதுகிறாள். மெய்நிகர் இயந்திரம் என்று புத்தகத்தில் போடுவார்கள், வடிவு உள்வீடு என்பாள். உள்வீட்டுக்குத் தன் கையால் எதையும் தொட உரிமை கிடையாது. திரையில் ஓர் எழுத்தைக் காட்டுவதென்றாலும் வாசலுக்கு வந்து கெர்னலிடம் கேட்க வேண்டும். கெர்னல் அதைச் செய்துகொடுத்துவிட்டு, சரி போ உள்ளே என்று அனுப்பிவிடும். வேலையெல்லாம் முடிந்து உள்வீட்டைச் சாத்தும்போது மட்டும் உள்ளே இருப்பது முழுசாக வெளியே வந்துவிட வேண்டும். அந்த வாசலை எழுதியது வடிவு.

இந்தக் கெர்னல் யாருக்கும் சொந்தமில்லை. பல நாட்டுக்காரர்கள் அவரவர் வீட்டிலிருந்து எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், குறை கண்டால் திருத்தி அனுப்பலாம். கோயில் கைங்கரியம் மாதிரிதான், பிரசாதத்துக்குப் பதில் ஏச்சு கிடைக்கும். வடிவின் பகுதிக்குப் பொறுப்பாளர் ஆஸ்திரியாவில் இருக்கிற ஒத்மார். அவர் ஒருவர் சரி என்றால்தான் எதுவும் உள்ளே போகும். அவர் 'பரவாயில்லை' என்று எழுதினால் வடிவு அன்று பாயசம் வைப்பாள். பாயசம் வைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவளுடைய கம்ப்யூட்டரில் உள்வீடு சாத்த மறுத்தது. உள்ளே இருப்பது வாசல்வரை வரும், வெளியே காலெடுத்து வைக்காது, திரும்பிப் போய்விடும். ஏன் என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரியவில்லை. வாரக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, ஒரு நாள் காலை இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே, "உள்ள என்னதான் நடக்குதுன்னு தெரியலீங்க" என்று வாயைவிட்டுவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. அவர் அப்போதே கம்ப்யூட்டர் பக்கம் பார்த்துக்கொண்டு மென்றார்.

உள்ளேயிருந்து அவர் சொல்வது திரையின் ஓரத்தில் வரி வரியாக வரும். வெளியேயிருந்து உள்ளே பேசப் பாதை கிடையாது, அதை எழுதுவதுதான் வடிவின் அடுத்த வேலையாக இருந்தது. ஆகவே அவர் பேசுவார், இவள் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து நடந்ததற்கு இது நேர் எதிர்.

'வடிவு, எறங்கிட்டேன். தண்ணி இல்ல. காத்து இருக்குது.'

'வடிவு, சொவுரெல்லாம் நல்லாத்தான் கட்டியிருக்கற.'

'வடிவு, இங்க ஒரு கோளாறும் காணோம். வாசல் தெரியுது. வர்றேன்.'

'வடிவு, வாசல் தெரியுது. வர்றேன்.'

கடைசி வரி அதற்குப் பிறகு நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது.

வாசலில் வடிவு ஒரு நிறுத்தம் போட்டு வைத்திருந்தாள். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். ஓட்டம் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தி, நின்றதைச் சாவகாசமாகப் பார்ப்பார்கள். உள்வீட்டை எழுதத் தொடங்கிய முதல் நாளே போட்டது, எடுக்கவில்லை. இப்போது அந்த நிறுத்தத்தில் நாச்சிமுத்து நின்றார். வாசலுக்கு உள்பக்கம், ஒரு காலைத் தூக்கியபடி, தலைத்துண்டோடு, டார்ச் எரிய, ஏதோ சொல்ல வாயெடுத்த முகத்தோடு. மீசையில் நூலாம்படை ஒட்டியிருந்தது. வடிவு நன்றாகப் பார்த்துவிட்டு, தொடரட்டும் என்று விசையைத் தட்டினாள். அவர் உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார். அவள் மறுபடி நிறுத்திப் பார்த்தாள். அவள் வேலையே அதுவாகிப்போயிற்று. சமைப்பாள், வந்து பார்ப்பாள், துணி காயப்போடுவாள், வந்து பார்ப்பாள்.

வெள்ளகோயிலிலிருந்து நாச்சிமுத்துவின் அக்கா வேலாத்தா வந்தாள்.

"எங்க அவன்?"

"உள்ள இருக்கறாருங்க அக்கா."

வேலாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் குனிந்து தம்பியைப் பார்த்தாள். "எளச்சுப் போயிட்டான்" என்றாள். பிறகு, "எத்தன நாளைக்கு இப்படி நிறுத்தி வெச்சுப் பாத்துட்டிருப்ப? வெளிய கூப்புடு" என்றாள்.

"வர்றேன்னுதானுங்க சொல்றாரு."

"அவன் எப்பவும் அப்படித்தான் சொல்லுவான்" என்றாள் வேலாத்தா. கொண்டுவந்த முறுக்கைக் கேபினெட்டின் மேல் வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

வடிவு கெர்னல் எழுதுகிறவர்களின் குழுவுக்கு எழுதினாள். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறு என்று வெறும் வாயால் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதை மற்றவர்களும் தங்கள் இயந்திரத்தில் நிகழ்த்திப் பார்க்கும்படி அனுப்ப வேண்டும். ஆகவே வடிவு உள்வீட்டை அன்றைக்கு இருந்த நிலையில், ஆளோடு சேர்த்து, ஒரு நகல் எடுத்துப் புகாரோடு இணைத்தாள். வேறு யாரும் புருஷனை இப்படி இணைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கெர்னல்காரர்களில் அதைத் தப்பு என்று நினைக்கிறவர்களும் கிடையாது. இணைப்பு சின்னதாக இருக்கிறது, நன்று, என்று ஒருவர் பாராட்டினார். எல்லாரும் இறக்கிக்கொண்டார்கள்.

ஒத்மார் மறுநாளே பதில் எழுதினார். 'என்னிடம் சரியாகவே இருக்கிறது. திறந்தவுடன் வெளியே வந்துவிட்டார். இப்போது சமையலறையில் ரொட்டி தின்கிறார். கோளாறு தென்படவில்லை, புகாரை மூடுகிறேன்.' கொரியாவிலிருந்து ஒரு பெண்மணி, தன் வீட்டிலும் வந்துவிட்டார், மாடித் தொட்டியின் ஒழுக்கை அடைத்துக்கொடுத்தார், நன்றி என்று எழுதினார். பெரு நாட்டிலும் வந்துவிட்டார். எல்லாரும் படம் அனுப்பினார்கள். ஆஸ்திரியாப் படத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்தார், தலையில் அதே துண்டு.

வடிவு படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்கெல்லாம் வருகிறவர் தன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்று வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, 'என் இயந்திரத்தில் இன்னும் வரவில்லை' என்று எழுதினாள். 'அப்படியானால் உங்கள் இயந்திரத்தைப் பாருங்கள்' என்று ஒத்மார் எழுதினார்.

வேலாத்தாவும் போனில் அதையே சொன்னாள். "ஆஸ்திரியாவுல வந்துட்டானாமா. போட்டோ பாத்தேன், செவப்பாயிட்டான். அங்கெல்லாம் வர்றவன் இங்க வரமாட்டேங்கறான்னா ஊட்டுல ஏதோ இருக்குதுன்னுதான கண்ணு அர்த்தம்?"

அந்த வாரம்தான் வரிகள் குறைவதை வடிவு கவனித்தாள். திருப்பி அனுப்பப்படுகிற ஒவ்வொரு தடவையும் அவரிடமிருந்து கொஞ்சம் வாசலிலேயே சிந்திவிடுகிறது, போகும்போது அதை யாரும் அள்ளிக் கொடுப்பதில்லை. முதலில் அவள் பெயர் போயிற்று. 'வாசல் தெரியுது. வர்றேன்' என்று மட்டும் வந்தது. பிறகு 'வாசல். வர்றேன்.' யாரிடம் வருகிறார் என்பது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வழியில்லை. இப்படியே போனால் ஒரு நாள் அந்த 'வர்றேன்' மட்டும் வரும், அப்புறம் அதுவும் வராது. அந்த நினைப்பில் வடிவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்திரியாவில் இருந்த நாச்சிமுத்துவோடு பேச வேண்டும் என்று ஒத்மாரிடம் கேட்டாள். அவர் தன் போனைக் கொடுத்தார்.

"நல்லா இருக்கறயா வடிவு?"

தன் பெயரைக் கேட்டதும் வடிவு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இருக்கறேனுங்க. சாப்புட்டீங்களா?"

"ரொட்டிதான். தொட்டுக்க ஒண்ணுமில்ல."

"ஏனுங்க, அங்க வாசலுக்கு வந்தப்ப என்ன ஆச்சுங்க?"

"ஒண்ணும் ஆகல. கால எடுத்து வெச்சேன், வெளிய இருந்தேன். நம்ம ஊட்டுல வர்றப்பத்தான் ஒவ்வொருக்காவும் யாரோ பாக்கற மாதிரியே இருக்கும். இங்க அப்படி இல்ல."

"இங்க யாரும் பாக்கலீங்களா?"

"என்னைப் பாக்கோணும்னு இங்க யாருக்கு இருக்குது?" என்றார் நாச்சிமுத்து.

வடிவு போனை வைத்துவிட்டு, தான் எழுதிய வாசலைத் திறந்து படித்தாள். அதில் ஒரு விதி இருந்தது. வாசலில் கால் வைத்தவர் ஒரு நொடிக்குள் வெளியேறிவிட வேண்டும். தயங்கி நின்றால் உள்ளே திருப்ப வேண்டும். மாட்டிக்கொண்ட எதுவும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக அவளே எழுதிய விதி. நிறுத்திவைத்துப் பார்க்கிற நேரம் அதில் சேராது என்று அவள் நம்பியிருந்தாள். இந்தத் தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது அப்படி நம்புவார்கள். சேர்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் தயங்கி நின்ற நேரமாகப் பதிவாகியிருந்தது. நகலோடு நிறுத்தம் போகவில்லை, அதனால்தான் மற்ற ஊர்களில் வந்துவிட்டார்.

ஆக, கோளாறு என்று உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. அவர் இறங்கியிருக்கவே வேண்டாம். அவள் போட்ட நிறுத்தம்தான் முதலில் உள்வீட்டைத் தடுத்தது, பிறகு அவள் புருஷனைத் தடுத்தது. வடிவு தலையில் அடித்துக்கொண்டாள்.

நிறுத்தத்தை எடுக்க ஒரு விசையைத் தட்டினால் போதும். எடுத்துவிட்டால் முகம் தெரியாது. கடைசியாக ஒரு தடவை நிறுத்திப் பார்த்தாள். நூலாம்படை இன்னும் மீசையில்தான் இருந்தது. துடைத்துவிட வேண்டும் போல் கை பரபரத்தது. பிறகு எடுத்துவிட்டாள். சோற்றைச் சூடு பண்ணி வைத்துவிட்டு, தகடு கழற்றிய கேபினெட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

அவர் வரவில்லை. ஒரு புது வரி வந்தது.

'வாசல். நிக்கறேன். பாத்துக்க.'

இத்தனை தடவை நிறுத்தியதில், வாசலுக்கு வந்தால் நிற்க வேண்டும் என்பது அவருக்குப் பழகிவிட்டிருந்தது. யாரோ தன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்பது மட்டும் அவரிடம் சிந்தாமல் மிஞ்சியிருந்தது. ஆகவே வந்து, தானாகவே நின்று, பார்க்கக் கொடுத்துவிட்டு, நேரம் கடந்ததும் உள்ளே போனார். நிற்காதீங்க, வந்துருங்க என்று திரையைப் பார்த்துக் கத்தினாள் வடிவு. உள்ளே பேசப் பாதை இல்லை. அந்தப் பாதையை அவசர அவசரமாக எழுதி அனுப்பினாள். அவசரம் தெரிகிறது, பிரித்துச் சின்னச் சின்னதாக அனுப்பவும் என்று ஒத்மார் திருப்பிவிட்டார். இதற்குள் 'வாசல்' போய், 'நிக்கறேன். பாத்துக்க' என்று ஆகியிருந்தது.

ஒத்மாரிடமிருந்து விஷயம் ஆஸ்திரியா நாச்சிமுத்துவின் காதுக்கு எட்டியிருக்கிறது. அவர் கிளம்பி வந்துவிட்டார்.

காங்கயம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார். ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டார். வேலாத்தாவுக்கென்று வாங்கிய சாக்லேட்டை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார். மூடி வைத்திருந்த சோற்றை வடிவு எடுத்துப் போட்டாள். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். மிக்ஸி இரைவதைக் கேட்டுவிட்டு அதைத் திறந்து சரிபண்ணினார். எதிரே உட்கார்ந்து வடிவு அவரை வேண்டிய மட்டும் பார்த்தாள், அவர் எங்கேயும் போகவில்லை. அன்று மத்தியானம் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை.

"நீங்களே இருந்துருங்களேன்" என்றாள் வடிவு.

அவர் கேபினெட்டைப் பார்த்தார். அதன் முன்னால் ஜோடியாகக் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார்.

"அவன் உள்ள நிக்கறான்னு தெரிஞ்சும் நான் இங்க உக்காந்து சோறு திங்கறதா? அப்படித் திங்கறவனா இருந்தா நீ என்னைக் கட்டியிருப்பயா?"

கட்டியிருக்க மாட்டாள். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"போயி வெவரஞ் சொல்லிக் கூட்டியாந்தர்றேன். நிக்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு எத்தன நேரம் ஆகும்?" என்றார். ஆஸ்திரியாச் செருப்பைக் கழற்றி, பழைய ஜோடிக்குப் பக்கத்தில் விட்டார். தொட்டிக்கட்டு முற்றத்தில் தொங்கிய இன்னொரு டார்ச்சை எடுத்துத் தட்டிப் பார்த்தார். இடது காலை உள்ளே விட்டார். "சோத்த மூடி வெய்யி" என்றார்.

திரையில் வரிகள் வந்தன.

'வாங்க. ஒறம்பரைங்களா?'

'நாந்தான். நிக்காத. போ வெளிய.'

'நீங்க மொதல்ல போங்க. ஊர்லிருந்து வந்தவிங்க.'

'நீ போ, நான் பின்னால வர்றேன்.'

'அதெப்படீங்க. நீங்க போங்க.'

வாசலில் ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான் நுழைய முடியும். முதலாமவருக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளியை விட்டுவிட்டு முந்திக்கொண்டு போக அவருக்கு மனசு வரவில்லை. இரண்டாமவர் அவரை வெளியே ஏற்றாமல் தான் ஏறுகிற ஆள் இல்லை. ஒருவரை ஒருவர் கையைக் காட்டிக்கொண்டு நிற்பதற்குள் நொடி கடந்துவிடும். இருவரையும் உள்ளே திருப்பி அனுப்புகிற வேலையை விதி செவ்வனே செய்தது. திரும்புகிற ஒவ்வொரு தடவையும் இரண்டாமவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தினார். சில நாளில் அவரும் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இப்போதெல்லாம் 'நீங்க போங்க' என்று ஒரு வரி வரும், அடுத்தாற்போல் 'நீங்க போங்க' என்று இன்னொரு வரி வரும். எதை எந்த நாச்சிமுத்து சொன்னார் என்று வடிவுக்குத் தெரிவதில்லை.

ஒத்மாருக்கு எழுதினாள். 'இது வேறு கோளாறு. தனிப் புகாராகப் போடவும். நிகழ்த்திப் பார்க்க உள்வீட்டை இணைக்கவும்' என்று பதில் வந்தது. வடிவு இணைக்கவில்லை. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டு முட்டிக்கொண்டு நிற்பதை மூன்றாவது ஆளை இறக்கித் தீர்த்ததாக அவள் எங்கும் படித்ததில்லை. வாசலின் விதியை மாற்றிப் பார்க்கலாம் என்றால், ஓடிக்கொண்டிருக்கிற உள்வீட்டை முதலில் அணைக்க வேண்டும். அணைத்தால் உள்ளே இருக்கிறவர்கள் என்ன ஆவார்கள்? அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி எதையும் சரிபண்ண முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தது. கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து.

"வடிவு, நாந்தான். கொரியாவுல இருந்து வந்திருக்கறேன். அவிங்க ரெண்டு பேரும் வாசல்லயே நிக்கறாங்களாமா? நான் போயி நகத்திவிட்டுட்டு வந்தர்றேன். டார்ச்சு ஊட்டுல இருக்குதா?"

வடிவு எழுந்து போய், கேபினெட்டின் முன்னால் கிடந்த இரண்டு ஜோடிச் செருப்புகளையும் கொஞ்சம் தள்ளி வைத்து, பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம் விட்டாள்.

"ரெண்டும் உள்ள போயிருச்சுங்க" என்றாள். "வர்றப்ப ஒண்ணு வாங்கிட்டு வாங்க."